மருமகளின் மாத்திரை

"மகராசி மருமகளா வந்தா, நோயையும் கூடவே கூட்டிட்டு வந்தா," என்று வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் அம்மா.

மூத்த மகளுக்கு அலுப்பாக இருந்தது. இரண்டு பஸ் மாறி, நாலு மாடி ஏறி வந்ததே பெரும்பாடு. உள்ளே படுத்திருந்த தம்பி அவளைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டுவிட்டான். தலைவலி, காய்ச்சல் என்று ஆரம்பித்ததாம். காசநோய் மூளை வரைக்கும் போய்விட்டதாம்.

"பழைய வியாதியை மறைச்சிருக்கா. அவளே வாயால ஒத்துக்கிட்டா," என்று சொல்லிக்கொண்டே அம்மா இருமினாள். "இப்ப எனக்கும் ஒட்ட வெச்சுட்டா."

தம்பி மனைவி மாமியாரிடம் தண்ணீரையும் மாத்திரைகளையும் நீட்டினாள். திட்டிக்கொண்டே அம்மா விழுங்கினாள். பிறகு தம்பி மனைவி தானும் ஒன்றை எடுத்து, மாமியார் கண்ணில் படும்படி போட்டுக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? என் வீட்டுல இருந்த வரைக்கும் அம்மா நல்லாத்தானே இருந்தாங்க," என்றாள் மகள்.

தம்பி மனைவி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "தப்புதான் அண்ணி."

எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை கேட்கலாம். எரிச்சலோடு நேரே நர்ஸிடம் போனாள் மகள்.

"வியாதிக்காரியை எதுக்கு என் தம்பி பக்கத்துல விட்டு வெச்சிருக்கீங்க?"

நர்ஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "அவங்களுக்கு ஒண்ணுமில்லையே. எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு."

"மாத்திரை முழுங்குறாளே?"

"அது சத்து மாத்திரைம்மா. வியாதி உங்க அம்மாவுக்குத்தான். அவங்ககிட்டேயிருந்துதான் உங்க தம்பிக்கு வந்திருக்கணும்."

மகள் தம்பி மனைவியை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"ஏம்மா இந்தப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்ட?"

"பெத்த பிள்ளைக்கு நாமதான் குடுத்தோம்னு தெரிஞ்சா, அத்தை மாத்திரையைத் தொடவே மாட்டாங்க. இப்ப என்னைத் திட்டுற வேகத்துலயாவது முழுங்குறாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

தம்பி மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"'அம்மா இருமல் தாங்கல, தூக்கமே போச்சு, கொஞ்ச நாள் நீ வெச்சுக்கோ'ன்னு நீங்கதானே அண்ணி அத்தையைக் கொண்டாந்து விட்டீங்க? உங்ககிட்ட பேசப்போயி அது அத்தைக்கு ஞாபகம் வந்துடக்கூடாதுல்ல."