பீரோ இறக்கிய ஆள்

சிங்காரவேலு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சம்பந்தியம்மா யாரையோ திட்டுவது தெருவரைக்கும் கேட்டது.

போச்சு, பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

காலையில் பெரம்பலூர் பார்சல் லாரி ஷெட்டில் அவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மகள் வளர்மதிக்குச் சீராக, திருச்சியில் கடை வாசலிலேயே நின்று புத்தம் புதிதாய் ஏற்றிவிட்ட பீரோ. அதன்மேல் யாருடையதோ மோட்டாரை ஏற்றி, நாலுவழிச் சாலைக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் குலுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றியிருந்த அட்டையை விலக்கினால் கதவு உள்வாங்கியிருந்தது. கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது.

திருச்சி ஆபீசுக்கு எழுதிப் போடுங்கள், பத்து நாளில் ஏதாவது செய்வார்கள் என்றார் ஷெட்டுக்காரர்.

சீர் பார்க்க மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் வருவது இன்றைக்கு. பீரோவே வரவில்லை என்றால் அது இன்னும் கேவலம். மாப்பிள்ளை ஊரான ரஞ்சன்குடிக்குக் கிளம்பிய வேனில் ஏற்றிவிட்டார். கூடப் போகத்தான் தைரியம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டு, வேறு வழியில்லாமல் ஒன்றில் ஏறினார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது ஊர் உலகத்து நியாயம். மருமகள் கொண்டுவந்ததே உடைசல் என்றால் அது என்ன குடம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

அந்தப் பேச்சு பீரோவோடும் நிற்காது. சீரோடு வந்த கண்ணாடி உடைந்திருந்தது என்பார்கள். நாளைக்கு மாட்டுக்குச் சீக்கு வந்தாலும் அவள் வந்த நேரம் என்பார்கள். காலத்துக்கும் அந்தப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனார்.

கூடம் நிறையச் சனம். சுவரோரம் பீரோ. பக்கத்தில் வளர்மதி, புதுப் புடவையில், தரையைப் பார்த்தபடி.

ஆனால் சம்பந்தியம்மா சின்னம்மாள் திட்டிக்கொண்டிருந்தது அவளை இல்லை. தன் கூடப்பிறந்த தம்பியை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ராசாங்கத்தை.

"பொட்டு சேதாரம் இல்லாம வந்த பொருளுடா. எறக்கத் தெரியலன்னா நாலு பேரக் கூப்புட வேண்டியதுதான? எம் மருமவ சீரக் கீழ போட்டு ஒடச்சுப்புட்டு நிக்கிறியே, அந்தப் புள்ள மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

சிங்காரவேலு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

ராசாங்கம் பேரன் எடுத்த மனுஷன். கைகட்டி நின்றார்.

சின்னம்மாளின் நாத்தனார் சிந்தாமணி முன்வரிசையில் நின்றாள். வெறும் வாயையே மெல்லுகிறவள். அவல் கையில் கிடைத்தும் வாயில் போட வழியில்லாமல் கொஞ்ச நேரம் தவித்தாள். பிறகு அவளும் ராசாங்கத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் பார்த்து இறக்கக்கூடாதா என்று ஆரம்பித்தாள். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே கையில் எதுவும் நிற்காது என்று ஒரு பெரியவர் சாட்சி சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டவுனில் சொல்லி வேறு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று மட்டும் ராசாங்கம் சொன்னார்.

இல்லை, அது வரும்போதே அப்படித்தான் என்று சொல்ல சிங்காரவேலு வாயெடுத்தார்.

சின்னம்மாள் அதற்குள் அவரைப் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அவர் முன்னால் வந்தாள். தம்பி தெரியாமல் செய்துவிட்டான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே என்று, அத்தனை பேர் பார்க்க, அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட அப்படி ஆனதில்லை. வேன்காரன் சொல்லியிருப்பான், அட்டையைப் பிரித்தபோது அவளே பார்த்திருப்பாள். எல்லாம் தெரிந்த பொம்பளை. ஆனால் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டாள்.

வளர்மதி தலையை நிமிர்த்தி அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாப்பாடு முடிந்து கொல்லைப்புறத்தில் கைகழுவப் போனார். ராசாங்கம்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினார். சிங்காரவேலு ஈரக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவும் தம்பியும் கூடிப் பேசி இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார்களே என்று சொல்ல நினைத்தார்.

அதற்குள் ராசாங்கம் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேப்பந்தட்டையிலேருந்து வந்து பஸ் எறங்கி இப்புடிக் கொல்லவழியாத்தாண்ணே உள்ள வந்தேன். அக்கா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி நடுவூட்டுல நிறுத்தித் திட்ட ஆரம்பிச்சிருச்சு. அது திட்டுனா காரணம் இருக்கும்னு நின்னுட்டேன்."

சொம்பைத் தொட்டிமேல் வைத்தார்.

"ஆமா, அந்த பீரோ எப்புடிண்ணே ஒடஞ்சுது?"