பத்து நாள் காய வேண்டும்

ஏழாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பது அவள் புருஷன்தான்.

வெள்ளைச் சட்டை. கறுப்புக் கண்ணாடி. கையில் மடக்குக் குச்சி. புத்தம் புதிய சாக்கடை மூடியின் மேல் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார்.

அவள் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

காலையில் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போனது. பளபளவென்று பதினாறு பக்கம். ‘உங்கள் எம்.எல்.ஏ.வின் தொகுதி மடல்.’ முதியோர் ஓய்வூதிய முகாம் என்றைக்கு, காப்பீட்டு அட்டைக்கு எந்த மண்டபம், குடிநீர் வராவிட்டால் எந்த நம்பர், எல்லாம் இருந்தது.

ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்ததே அவளுக்கு உறுத்தியது.

படத்துக்குக் கீழே இரண்டு வரி.

‘திரு. அருணகிரி அவர்களின் மனு மீது உடனடி நடவடிக்கை. பட்டறைச் சந்தில் சாக்கடைக்கு மூடி அமைக்கப்பட்டது.’

பட்டறைச் சந்து இதுதான். அங்கே மூடி கிடையாது. சற்றுமுன் பால் வாங்கப் போனபோதுகூட சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டித்தான் போனாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் குழியில்தான் அவர் விழுந்தார். முழங்காலில் ஒன்பது தையல். கண் தெரியாத மனுஷன், இருபது வருஷமாக யார் கையையும் பிடிக்காமல் டீக்கடைக்குப் போவார். யாராவது பேப்பர் வாசிக்கக் கேட்பார். இரண்டு பேரோடு வாதம் பண்ணிவிட்டுத் திரும்புவார். அன்றோடு நின்றது. பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மனுவுக்கு வாசகம் சொன்னது அவர். எழுதியது அவள்.

அந்தச் சட்டை.

போன வாரம் அது அழுக்குத் துணியில் கிடந்தது. விசேஷத்துக்கு மட்டும் போடுகிற முழுக்கைச் சட்டை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்குப் புழுக்கம் என்றார். புழுக்கத்துக்கு எவராவது முழுக்கை போடுவார்களா? அன்றைக்கே குடைந்திருக்க வேண்டும். விட்டுவிட்டாள்.

மறுபடி படத்தைப் பார்த்தாள்.

மூடியின் ஒரு மூலையில் நாயின் கால்தடம். சிமெண்ட் ஈரமாக இருந்தபோது எந்த நாயோ மிதித்திருக்கிறது.

பக்கத்தைத் திருப்பினாள்.

எட்டாம் பக்கம், தபாலாபீஸ் தெரு. வேறு ஆள். புது மூடி. அதே மூலையில் நாய்த்தடம்.

பதினொன்றாம் பக்கம், ரேஷன் கடை முக்கு. ஒரு அம்மாள் கும்பிட்டபடி நிற்கிறாள். காலடியில் நாய்த்தடம்.

அந்த நாய் ஒரே நாளில் தொகுதி முழுக்கச் சுற்றுப்பயணம் போயிருக்கிறது.

சிரிப்பு வரவில்லை. பகலில் சந்தே வேலைக்குப் போய்விடும். அவளும் மளிகைக் கிடங்கில் பொட்டலம் கட்டப் போய்விடுவாள். நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

உள்ளேயிருந்து அவர் வந்தார்.

அதே சட்டை. குச்சியை விரித்துவிட்டிருந்தார்.

“மூடி போட்டு இன்னியோட பத்து நாளு, செண்பகம். ஓரத்துல பூசப்போறோம், பத்து நாள் காயணும், அதுவரைக்கும் மிதிக்காதீங்கன்னு சொன்னாங்க. என்னை வீடு வரைக்கும் கையைப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டாங்க. அவ்வளவு மரியாதை. அதான் ஒங்கிட்ட மூச்சு விடல. நானே போயி ஒனக்கும் டீ வாங்கியாரலாம்னு.”

பத்து நாளாக இந்த மனுஷன் ஆசையை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்திருக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“அங்க மூடி இல்லங்க. ஒங்கள வீட்டுல விட்டுட்டு, அதை அடுத்த தெருவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

அவர் முகம் அவள் குரலின் பக்கம் திரும்பியது.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னேன். குதிச்சும் பாத்தேன். நாய் மிதிச்ச தடம்கூடப் பாதத்துல பட்டுச்சு.”

அவள் அவர் விரலைப் பிடித்து ஏழாம் பக்கத்தில் வைத்தாள். எட்டில் வைத்தாள். பதினொன்றில் வைத்தாள்.

வழவழத் தாள். விரலுக்கு மூன்றும் ஒன்றுதான்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“நான் வீட்டோட கெடக்குறது ஒனக்குத் தோதா இருக்கு,” என்றார். சத்தமே போடாமல்.

மனு எழுதிய கை அவளுடையது. தையல் பிரிக்கத் தோளில் தாங்கிக்கொண்டு போனதும் அவள்தான்.

“பின்னாடி வராத. வந்தா காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சிரும்.”

குனிந்து செருப்பைத் தேடினார்.

அவள் பின்னால் போகவில்லை.

முன்னால் போனாள். வெறுங்காலோடு, ஓட்டமும் நடையுமாக. எதிர்வீட்டுக்காரி ஏதோ கேட்க வாயெடுத்தாள். இவள் கையமர்த்திவிட்டுப் போனாள்.

குழி திறந்துதான் கிடந்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். சந்துத் தரை இடுப்பு உயரத்துக்கு வந்தது. மூக்கைப் பொத்தவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

குச்சிச் சத்தம் வந்தது. தட், தட் என்று, வேகமாக. இருபது வருஷப் பழைய வேகம்.

முனை அவள் விலாவில் வந்து இடித்தது.

நின்றது.

மறுபடி இடித்தது, மெதுவாக. மேலேறித் தோளைத் தடவியது. காதருகே வந்து நடுங்கியது.

“காஞ்சிருச்சு,” என்றாள். “மிதிங்க.”