கையா, பேச்சா?

"கை நடுங்கினா நடுங்கட்டும் டாக்டர். பேச்சை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க, போதும்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நரம்பு டாக்டரா எத்தனையோ நோயாளிங்களோட பொண்டாட்டிங்களைப் பாத்தவர் அவர். "எப்படியாவது இவர் கையை நிறுத்திடுங்க"ன்னு கெஞ்சாதவங்களே கிடையாது. இப்படி ஒரு அம்மாவை இன்னைக்குத்தான் பாக்கறார்.

எதிர் நாற்காலியில புருஷன். அவரோட வலது கை யாரையும் கேக்காம தொடையில தாளம் போட்டுக்கிட்டிருந்துச்சு. அந்த நடுக்கத்தை அடக்கத்தான் மூளைக்குள்ள மெல்லிசா கம்பி, நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு குட்டி பேட்டரி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு தையல் பிரிச்சாச்சு. எவ்வளவு கரண்ட் விடறதுங்கறது மட்டும்தான் பாக்கி. அதைத் தட்டித் தட்டி ஏத்தி இறக்க டாக்டர் கையில பலகை மாதிரி ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர்.

அங்கதான் வம்பே. கரண்டை ஏத்தினா கை கல்லு மாதிரி நிக்குது, ஆனா பேச்சு குழறுது. இறக்கினா பேச்சு கணீர்னு வருது, கை ஆட ஆரம்பிச்சுடுது. டாக்டரும் ஏத்தி இறக்கிப் பாத்துட்டார். ரெண்டும் சேர்ந்து வரமாட்டேங்குது. இப்போதைக்கு ஏதாவது ஒண்ணுதான்.

"அவகிட்ட என்ன கேள்வி டாக்டர்?" புருஷன் குரல் கணீர்னு வந்துச்சு. இறக்கி வச்சிருந்த நேரம் அது. "எனக்குக் கைதான் வேணும்."

"கேட்டீங்களா?" பக்கத்துல உட்கார்ந்திருந்த அவர் தங்கச்சி பிடிச்சுக்கிட்டாங்க. "எங்கண்ணன் தன் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சு வருஷக்கணக்காச்சு. சட்டைப் பட்டன் போட முடியல. அண்ணிக்கு மட்டும் கச்சேரி கேக்குது!"

"தண்ணி நான் குடுக்கறேன். பட்டன் நான் போட்டு விடறேன். சாப்பாடும் நானே ஊட்டறேன்" அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க. "ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா?"

"அதான் டாக்டர் விஷயமே. எங்கண்ணன் கடைசி வரைக்கும் இவங்க கையையே எதிர்பாத்துக் கிடக்கணும். அப்பதானே வீட்ல அண்ணி ராஜ்ஜியம்?"

டாக்டருக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நாற்காலியில சாஞ்சுக்கிட்டார்.

"இதுக்குன்னு ஒரு பேரே இருக்கும்மா. நோயாளியைப் பாத்துக்கறவங்களுக்கு வர்ற நோய். அவர் குணமாயிட்டா நமக்கென்ன மதிப்புன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்."

பேர் என்னன்னு அவருக்கே ஞாபகம் வரல. ஆனா சொன்ன தோரணையில தங்கச்சி ஆடிப்போயிட்டாங்க.

"மதிப்பெல்லாம் எனக்கெதுக்கு டாக்டர்? அவர் பேசட்டும். என்ன வேணா பேசட்டும், எவ்வளவு வேணா கத்தட்டும். பேச்சுதானே... நான் கேட்டுக்கறேன்."

ஓரமா நின்ன நர்ஸுக்கு மனசு கேக்கல. "ஏம்மா இப்படிச் சொல்றீங்க?"

அந்தம்மா நர்ஸைப் பாத்தாங்க. புருஷனைப் பாத்தாங்க. வாயைத் திறந்தாங்க.

"சிஸ்டர்!" டாக்டர் குறுக்க விழுந்தார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏன் எதுக்குன்னு கதை கேட்டுக்கிட்டிருந்தா நான் கிளினிக் நடத்தின மாதிரிதான். போனை எடுங்க, வீடியோ போடுங்க."

வீடியோதான் டாக்டருக்கு முக்கியம். அடுத்த வாரம் பெரிய மாநாடு. 'முன்பு – பின்பு'ன்னு ரெண்டு துண்டு போட்டுக் காட்டினா அரங்கமே எழுந்து நிக்கும். ஆடற கை நிக்கணும், அவ்வளவுதான். பேச்சு குழறினா குழறட்டும். சத்தத்தை எடுத்துட்டு வயலின் போட்டுக்கலாம்.

"டாக்டர், கொஞ்சம் கம்மியாவாவது வைங்க" அந்தம்மா எழுந்தே நின்னுட்டாங்க. "பாதி நடுக்கமாவது இருக்கற மாதிரி..."

"பாதி நடுக்கமா?" டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். "இதென்னம்மா, காபிக்குச் சக்கரையா? உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கப் போறார். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் முகத்துல காட்டுங்க. வீடியோல நீங்களும் வர்றீங்க."

அந்தம்மா உட்கார்ந்தாங்க. நாற்காலி நுனியில.

டாக்டர் டேப்லெட்டைத் தட்டினார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

தாளம் நின்னு போச்சு.

புருஷன் தன் கையைத் தானே அதிசயமாப் பாத்தார். விரலை விரிச்சார், மடக்கினார். தங்கச்சி கை தட்டினாங்க. நர்ஸ்கூட ஒரு நொடி எல்லாத்தையும் மறந்து, "அடடா!"ன்னாங்க.

"பிரமாதம்!" டாக்டர் மேஜை மேல ஒரு தம்ளர் தண்ணி, ஒரு பேனா, ஒரு சீப்பு மூணையும் வரிசையா வச்சார். குரல் கேமராவுக்குன்னே ஒரு சுருதி ஏறிச்சு. "சொல்லுங்க சார், இத்தனை வருஷமா இந்தக் கையால செய்ய முடியலையேன்னு ஏங்கினது ஏதாவது இருக்கும்ல? தயங்காதீங்க. இப்பவே செஞ்சு காட்டுங்க!"

அவர் தம்ளரைப் பாத்தார். பேனாவைப் பாத்தார். சீப்பைப் பாத்தார். எதையும் தொடல.

பொண்டாட்டி பக்கம் திரும்பினார். குழறின வாயில ஏதோ சொன்னார். பொண்டாட்டியைத் தவிர யாருக்கும் அது புரியல.

வலது கை மெல்ல மேல எழும்பிச்சு. தோளுக்கு மேல போய் நின்னுச்சு. ஒரு இம்மிகூட ஆடல.

அந்தம்மா நாற்காலியோட பின்னால நகர்ந்து, ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பொத்திக்கிட்டாங்க.

தங்கச்சி அவசரமா எழுந்து, அவர் முழங்கையைப் பிடிச்சு, காதுகிட்ட குனிஞ்சாங்க.

"அண்ணா... இங்க வேணாம். வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்."