தாழிட்ட பின்கதவு

கொழும்பில் கடை வேலைக்குப் போன கணவன் யோகராஜிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவலே இல்லை. அவன் நல்லபடியாக வந்து சேரவேண்டும் என்றுதான் புஷ்பராணி வரலட்சுமி நோன்பு இருந்தாள். நோன்பு நாளன்று மத்தியானமே அவன் வந்து நின்றான். குளித்துவிட்டு, மகள் நிரோஷாவை மடியில் வைத்துக்கொண்டு கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். அதிகம் பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும், லட்சுமி வெளியேறிவிடாமல் இருக்க, ரோட்டிலிருந்து வரும் பாதைப் பக்கமிருந்த பின்கதவைத் தாழிட்டுவிட்டு விளக்கேற்றினாள். யோகராஜ் அவள் கையில் மஞ்சள் சரடைக் கட்டத் தொடங்கினான். அப்போது பின்கதவு தட்டப்பட்டது.

"புஷ்பா, நான்தான். அவிசாவளையில பஸ் பழுதாப் போச்சு. தொற, மழையில நனையுறேன்."

யோகராஜின் குரல்தான். அவனுடைய வழக்கமான இருமலும் கூடவே கேட்டது.

எதிரே இருந்தவன் முடிச்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வெளக்கு வச்சப்பொறம் பின்கதவத் தொறக்கக் கூடாது. லட்சுமி போயிருவா," என்றான்.

"என்னங்க?" என்றாள் புஷ்பராணி. யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிரோஷா அவன் மடியிலிருந்து இறங்கினாள். "அப்பா வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே, தாழ்ப்பாள் எட்டுவதற்காக ஒரு பலகையைப் பின்கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.