பெருங்காயத்துக்குக் கீழே

ஒரு வீட்டில் மேசைமேல் ஒரு மைப்பேனாவும், சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைப் பென்சிலும் இருந்தன. இரண்டுமே கதை எழுதுகிறவை. பேனாவுக்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும், காபி வர வேண்டும், யாரும் தும்மக்கூடக் கூடாது. பென்சிலுக்குக் குக்கரின் முதல் விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான்.

ஒருநாள் யாரோ பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"அரை விரல்தான் மிச்சமிருக்கே," என்றது பேனா. "அதையும் மளிகை லிஸ்ட்டிலேயே தேய்ச்சுடுவியா? கதை முடியறதுக்குள்ள நீ முடிஞ்சுடுவே. பேசாம இங்கேயே இரு."

பென்சிலுக்கும் அந்தப் பயம்தான். இருந்து பார்த்தது. மூன்று நாள் அமைதியோ அமைதி. ஒரு வரி வரவில்லை. நாலாம் நாள் உருண்டு கிளம்பியது.

"எங்கே போறே?"

"அடுப்படிக்கு. என் கதையில ஒருத்தி பாலை வெச்சுட்டு மூணு நாளா நிக்கிறா. பொங்கிடும்."

"போ, லிஸ்ட் எழுது. நீயெல்லாம் ஒரு எழுத்தாளர்!"

"லிஸ்ட்டும் எழுதுவேன். நீங்க கடைசியா எப்போ எழுதினீங்க, சார்? நிப்பு காஞ்சு கிடக்கு."

அன்று சாயங்காலமே கதை முடிந்தது. பென்சிலில் நகமளவுதான் மிச்சம்.

மேசையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "எங்கே, அந்தக் கதையைப் பார்க்கலாமா?"

"மளிகை லிஸ்ட்ல இருக்கு, பெருங்காயத்துக்குக் கீழே. கதவைச் சாத்திக்கிட்டுப் படிங்க."