பதினைந்து நொடி

ஆகஸ்ட் 7, வியாழன். இன்றும் ஷட்டரை விரலால் அழுத்திவிட்டேன். இரவுப் படத்துக்கு டைமர் வைக்க வேண்டும், விரல் பட்டாலே கேமரா ஆடிவிடும் என்று புகைப்பட மாலை வகுப்பில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். மொட்டைமாடியில் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, ஷட்டரைப் பதினைந்து நொடி திறந்துவைத்து எடுத்த படம் அது. அவளுடைய வலது கை மட்டும் புகையாக வந்திருந்தது. என் தவறுதான் என்று டைமர் வைத்து மறுபடி எடுத்தேன். அப்படியேதான் வந்தது. கேமரா முக்காலியின் திருகுகளை இறுக்கினேன். காற்று அடங்கும்வரை காத்திருந்தேன்.

“கொஞ்சம் ஆடாம இரேன்க்கா.”

“செலையாட்டந்தான்டி இருக்கேன். நாள் பூரா ஊரார் புருவத்த நூல் போட்டு எடுக்கிற கை இது. உனக்குப் படம் எடுக்கத் தெரியலன்னு சொல்லு.”

அப்படியும் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆறாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணிக்கொடியில் இருந்த கிளிப்புகள்கூடத் தெளிவாக இருந்தன. அவளுடைய இடது கை மோதிரத்தின் கல்லும் தெரிந்தது. கேமரா ஆடியிருந்தால் எல்லாமே அல்லவா ஆடியிருக்கும்? வலது கையில் மட்டும் விரல்களை எண்ண முடியவில்லை.

அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

“எப்பலேர்ந்துக்கா?”

“பொங்கல்லேர்ந்து. பார்லர்ல யார்கிட்டயும் சொல்லிடாதடி.”

நாளை: காலை ஏழரைக்குள் பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போய், நரம்பியல் பிரிவில் சீட்டு வாங்க வேண்டும்.