தேய்மானம் இல்லை

“யார் யார் இருக்கோம்னு முதல்ல பார்த்துக்குங்க. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது” என்றார் பெரியப்பா.

இருந்தவர்கள் ஐந்து பேர். எடைக்கல் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மேசைக்கு அந்தப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார்.

தேர்வு எழுதப் போகிறவர்கள் பத்துப் பேருடைய வாயைப் பார்த்துக் குறிப்பெழுதிக் கொண்டுபோக வேண்டும். பற்கள் எத்தனை, சொத்தை எத்தனை, தேய்மானம் எவ்வளவு, அதை வைத்து மதிப்பிட்டால் ஆளுக்கு என்ன வயது இருக்கும் என்று எழுத வேண்டும். குறிப்பேட்டில் வாத்தியார் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வுக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்வு மறுநாள். பெண்ணுக்கு இது இரண்டாவது முறை. மூன்றாவது முறைக்கு விதியில் இடமில்லை.

ஒன்பது பேர் பற்றி எழுதியதில் குறையில்லை. பத்தாவது ஆள் பெரியப்பா.

அவர் வாயைக் காட்டியதே பெரிய காரியம். பெரியவர்கள் வாயில் கை வைக்கக் கூடாது, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள் என்று நிபந்தனை போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிஷம் திறந்து வைத்திருந்தார். பெண் எழுதியது இவ்வளவுதான்: பற்கள் இருபத்தெட்டு. சொத்தை இல்லை. தேய்மானம் இல்லை. வயது இருபத்தைந்து.

பெரியப்பாவுக்கு எழுபத்தொன்று.

வாத்தியார் அந்தப் பக்கத்துக்கு சைபர் போட்டிருந்தார். அதைக்கூடப் பெரியப்பா பொறுத்துக்கொண்டிருப்பார். சைபருக்குக் கீழே சிவப்பு மையில், ‘ஆளைப் பார்க்கவில்லை. புத்தகப் படத்தைப் பார்த்து எழுதியது’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவரை இஸ்திரி போட்ட சட்டையோடு, குடும்பத்தையே திரட்டிக்கொண்டு பயிற்சி நிலையத்துக்கு வரவைத்தது.

தங்கள் வம்சத்தில் கட்டையில் போகிறவரைக்கும் ஒருவருக்கும் பல் ஆடியதில்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருவதை அவர் அங்கேயும் சொன்னார். அடுத்தவன் எழுதியதைத் திருடி எழுதும் பழக்கமும் தங்கள் வீட்டில் கிடையாது என்றார். இந்த இரண்டையும் வாத்தியார் எழுதி வைத்துக்கொண்டாலும் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

வாத்தியார் எழுதிக்கொள்ளவில்லை. “எழுபத்தொரு வயசுல கருங்கல்லே தேஞ்சு போயிருக்கும் சார். பல்லு தேயலைன்னா நான் எப்படி நம்புறது?”

“காப்பி அடிக்கிறவ, வயசையாவது சரியாப் போட்டிருக்க மாட்டாளா சார்?” என்றாள் தம்பி மனைவி. அது நல்ல கேள்வி. வாத்தியார் இழுப்பறையைத் திறந்து ஒரு டார்ச்சை எடுத்தார்.

சண்டையே வேண்டாம், ஐயா வாயைத் திறக்கட்டும், தாமே எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காட்டிவிடுங்கள், ஆளை ஒரேயடியாக வாயடைக்க வைத்துவிடலாம் என்று அண்ணன் காதோரம் குனிந்து சொன்னார். பெரியப்பா அசையவில்லை.

“கேட்டவங்களுக்கெல்லாம் பல்லைக் காட்ட நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?”

“அப்ப கையெழுத்து கிடையாது சார்” என்று வாத்தியார் பேனாவை மூடினார்.

தம்பி கெஞ்சிப் பார்த்தார். அண்ணனிடம் அவர் வாய்திறந்து ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். ஒரு வருஷமாகப் பிள்ளை கண்விழித்துப் படித்தாள், இரண்டு நிமிஷம் அவளுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதா என்றார். மானம் போனால் படிப்பு எதற்கு என்றார் பெரியப்பா. சொல்லும்போது குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. வாத்தியார் குறிப்பேட்டை மூடி, மேசையின் இந்தப் பக்கமாகத் தள்ளினார்.

பெண் அதை எடுத்துக்கொண்டாள்.

“பெரியப்பாவை விட்டுடுங்க சார். நான் படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

தாய் மகளைப் பார்த்தாள். தகப்பன் தரையைப் பார்த்தார். பெண் யாரையும் பார்க்கவில்லை. குறிப்பேட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ‘திருடி எழுதினேன்’ என்று தம் வாயால் சொல்லிப் பெரியப்பா கேட்டது அதுவே முதல் தடவை. அது பொய் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

“கதவைச் சாத்து” என்றார் தம்பியிடம். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் நகர்ந்தார்.

ஒரு நிமிஷம் கழித்து வாத்தியார் சிவப்பு வரியை அடித்தார். சைபரையும் அடித்தார். கையெழுத்துப் போட்டு, பெண்ணிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவள் தேர்வு எழுதினாள்.

அன்று அங்கே கைகலப்பு நடந்ததாகவும், வாத்தியார் விட்ட ஒரே குத்தில் பெரியப்பாவின் பற்கள் அத்தனையும் மேசைமேல் வந்து விழுந்ததாகவும், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த மாணவர்கள் தெருவெல்லாம் சொல்லித் திரிவது தவறு. யாரும் யாரையும் தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் செய்து வாங்கிய மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பெரியப்பா தம் கையாலேயே கழற்றி அங்கே வைத்தார்.